எப்சிபாவின் பாஷை

4 மார்ச் 2025, செவ்வாய்

நான் உதவி டீச்சராக வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று வருடம். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு, அதில் ஸ்வீடிஷில் பாடம் நடக்கிற ஒரு குட்டிப் பள்ளி என்றால் இன்னும் யாரும் நம்புவதில்லை. கங்கைகொண்டானில் ஆலை கட்ட வந்த ஸ்வீடன் இன்ஜினியர்களின் பிள்ளைகள் பதினொரு பேர். பன்னிரண்டாவது என் எப்சிபா. ஆறு வயது. வெயில் நூறைத் தாண்டினாலும் தினமும் வெளியே விளையாட வேண்டும் என்பது அனிகா டீச்சரின் சட்டம். இன்று எப்சிபா உடம்பெல்லாம் செம்மண்ணோடு, கூடப் படிக்கிற எல்சாவை ஸ்வீடிஷில் அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“வீட்டில் உங்கள் மொழியில் பேசுங்கள்” என்று அனிகா டீச்சர் இன்றும் சொன்னார். தமிழ் எங்கே ஓடிப் போகிறது? தெருவில் கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வீடிஷிலேயே அவளிடம் பேசுகிறேன்.

21 மார்ச்

ஆலை வேலை முடிந்ததாம். மே கடைசியில் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். பள்ளியை மூடுகிறார்கள். என் வேலை போவது எனக்கு உறைக்கவே இல்லை. எப்சிபா என்ன செய்வாள்?

22 மார்ச்

அவரிடம் சொன்னேன். ஜவுளிக்கடைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருகிற மனுஷர்.

“நல்லதாப் போச்சு. நான் தமிழ்ல கேக்கேன், அவ வேற என்னமோ சொல்லுதா. எம் பிள்ள எங்கிட்ட பேசி ரெண்டு வருசம் ஆச்சு, டார்லின்.”

சண்டை போட வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. சோற்றைப் போட்டேன்.

10 ஏப்ரல்

மூன்றாவது பள்ளியும் கைவிரித்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதச் சொன்னார்கள், அவளுக்கு வரவில்லை. ஸ்வீடிஷ் பள்ளியில் பிள்ளை கையில் பென்சிலைத் திணிப்பதில்லை. மரம் ஏறவும், தன் செருப்பைத் தானே மாட்டவும், சண்டையைப் பேசித் தீர்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அதையெல்லாம் இங்கே யார் கேட்டார்கள்? “மூணு வருசமா பிள்ளைய எங்கன வச்சிருந்திய?” என்றார் தலைமையாசிரியை.

30 மே

எல்சா போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டும் அழவில்லை. நான்தான் அழுதேன்.

9 ஜூன்

ஒரு பள்ளியில் யூ.கே.ஜி.யில் போட்டுவிட்டார்கள். அதுவாவது கிடைத்ததே.

ஸ்வீடிஷ் பள்ளியில் புதுப்பிள்ளை வந்தால் அம்மாவோ அப்பாவோ பத்துப் பதினைந்து நாள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை பைய விலகி விளையாடப் போன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், ஒரு நாளாவது என்று. “கேட்டுக்கு அங்கன நில்லுங்கம்மா” என்றார் வாட்ச்மேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

16 ஜூன்

பள்ளியில் அவள் பேசவில்லை.

17 ஜூன்

இன்றும்.

3 ஜூலை

வகுப்பு டீச்சர் சண்முகசுந்தரி கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. ஒண்ணுக்கு வருதுன்னுகூடச் சொல்லாம இருந்த எடத்துலயே போயிருதா. டாக்டர்ட்ட காட்டுனியளாக்கா?”

பேசுவாள் டீச்சர், ஸ்வீடிஷ் நன்றாகப் பேசுவாள் என்றேன். “எங்க, பேசச் சொல்லுங்க.” கெஞ்சினேன். என் சேலை முந்தானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டிலும் இப்போது பேச்சில்லை — அந்தப் பாஷையும் இல்லை, இந்தப் பாஷையும் இல்லை. அவ ஸ்வீடிஷ்ல பேசப்போயி மத்த பிள்ளைங்க சிரிச்சிருக்கும். யாரைச் சொல்லி என்ன? நாந்தானே செஞ்சேன்? பெத்தவளே பிள்ள வாயக் கட்டுவாளா? கர்த்தாவே, எனக்கு எம்புட்டுத் திமிரு.

14 ஜூலை

எப்சிபாவின் பள்ளியில் ஆயா வேலை காலியாக இருந்தது. கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

“டீச்சரா இருந்தவ தொடப்பத்தத் தூக்கணுமாட்டி?” என்றார் அவர்.

கேட்டுக்கு உள்ளே இருக்கலாமே என்றேன்.

4 ஆகஸ்ட்

பெருக்குகிறேன், கக்கூஸ் கழுவுகிறேன். போகிற வாக்கில் யூ.கே.ஜி. ஜன்னலில் ஒரு பார்வை. கடைசி பெஞ்ச். வாய் அசையவில்லை. கும்பிடாத நேரமில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

மத்தியானம் குழாயடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எப்சிபாவும் இன்னும் மூன்று பிள்ளைகளும் டிபன் பாக்ஸ் கழுவ வந்தார்கள். அதில் நிலோஃபர் என்ற பிள்ளை என்னைக் காட்டி, “ஏட்டி, அது உங்கம்மாவா?” என்று கேட்டாள்.

எப்சிபா என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“இல்லட்டி, அது ஆயா” என்றாள்.

துளி தடங்கல் இல்லை. நம்ம ஊர்ப் பேச்சு அப்படியே. பிறகு என்னிடம், “ஆயாம்மா, இங்கன தண்ணி சிந்திருக்கு, தொடைங்க” என்றாள்.

துடைத்தேன்.

அப்புறம் கடைக்குப் போன் போட்டு, பிள்ளை பேசிட்டா என்று அவரிடம் சொன்னேன்.

“என்னட்டி பேசுனா?” என்றார்.

அம்மான்னு கூப்பிட்டு தண்ணி கேட்டா என்று சொன்னேன்.