படம் நின்று நின்று ஓடியது பற்றி

ஆனைக்கரை,
9.11.2024

மாப்பிள்ளை ரிஜின் அவர்களுக்கு,

சங்கையா எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியார் வேலுத்தாயும் நலம். நல்லேப்பிள்ளியில் நீங்களும் உங்கள் அம்மாவும் சிவசங்கரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். என்னடா, இந்த மனுஷனிடமிருந்து கடிதம் என்று பதற வேண்டாம். உங்கள் கல்யாணத்தன்று, என் மகளோடும் உங்களோடும் இனிப் பேச்சே கிடையாது என்று சொந்தபந்தம் பூராவும் கேட்கச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர் என்று வேலுத்தாய் சொன்னாள். ஆகவே சிவசங்கரியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசியுங்கள்.

விஷயம், இன்டர்நெட் படம் பார்க்க டிவிக்குப் பின்னால் சொருகச் சொல்லித் தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய குச்சி பற்றியது. குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவைப் பெரிய படமாகப் பார்க்கட்டும் என்று மாமியாருக்கு அனுப்பினீர்கள். அவள் பார்த்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். படம் நின்று நின்று ஓடுவது அங்கேவரைக்கும் கேட்டது. பாட்டு விக்கி விக்கி வந்தது. முப்பது வருஷம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் டிரையர் ஓட்டிய ஃபிட்டர் நான். என் வீட்டில் ஒரு மெஷின் விக்கினால் எனக்குச் சோறு இறங்குமா? அதனால்தான் எழுந்து போனேன்.

போன நேரம், படத்தில் கேக் வெட்டி முடிந்து, உங்கள் அம்மா குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது குத்து எப்போது, நம்ம கோயில் அம்பலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மலையாளத்தில் கேட்டார்கள். சிவசங்கரி பதில் சொல்ல வாய் திறந்தாள். அதோடு நின்றது, வட்டம் சுற்றியது. பிறகு வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் படம் வரவில்லை. எத்தனை தரம் போட்டும் அந்தப் பதில் மட்டும் வரவே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். சிவசங்கரிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அப்படியானால் அந்த மடி என் மடிதான். நானோ பேச்சை முறித்தவன். வேறு யாரையாவது உட்கார வைக்க முடிவு செய்துவிட்டார்களோ என்று அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேலுத்தாய் வாரம் இரண்டு தரம் போனில் பேசுகிறாள், அவளைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஒங்களுக்கு இப்ப என்ன அக்கற என்று திருப்பிக் கேட்பாள். இரண்டு வருஷமாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

ஆகவே ரிப்பேரில் இறங்கினேன். குச்சிக்கு டிவியிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தார்கள். அது பத்தாது என்று, கூட வந்த அடாப்டரைப் போட்டுச் சுவரில் மாட்டினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் விக்கல் போகவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்தேன். நிற்காமல் ஓடியது. ஆனால் பேத்தியின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் கலங்கிவிட்டது. முகம் தெரியாத படம் எனக்கு எதற்கு என்று பழையபடி ஏற்றினேன். பிறகு குச்சிக்குள் இடம் நிறைந்திருக்கும் என்று வேண்டாததை அழித்தேன். அதில் உங்கள் மாமியார் சீரியல் பார்க்கிற ஆப்பும் போய்விட்டது. ஆக்கங்கெட்ட மனுசன், நீங்க கை வச்சது எது உருப்பட்டிருக்கு என்று அன்றைக்குக் கிடைத்த வசவை எழுத முடியாது.

இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த மோகனசுந்தரத்தையும் வரச்சொன்னேன். எங்கள் வைஃபை பெட்டி ஏலக்காய் டின்னுக்குள் இருந்தது. ஐப்பசி வந்தால் இங்கே மூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது. ஏலக்காயை ஈரம் அண்டாமல் எப்படி வைப்போமோ அப்படியே அந்தப் பெட்டியையும் வைத்தேன். ஒயருக்கு ஓட்டை போட்டு, அதற்கு ரப்பர் வளையமும் போட்டிருக்கிறேன். சுத்தமான வேலை. அவன் மூடியைத் திறந்து வைத்துச் செல்போனில் பார்த்துவிட்டு, ஸ்பீடெல்லாம் நல்லாத்தான இருக்கு, இத எதுக்குண்ணே டின்னுக்குள்ள வச்சிருக்கீக என்றான். ஈரத்தைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்காதே என்று அனுப்பிவிட்டு மூடியை அழுத்தி மூடினேன். படம் மறுபடி நின்றது.

நேற்றுக் காலை, உள்ளே சூடாகிறதோ என்று பார்க்க நானே மூடியைத் திறந்தேன். திறந்ததும் முன்னறையில் பாட்டு விக்கலில்லாமல் ஓடுகிறது. மூடினேன், நின்றது. திறந்தேன், ஓடியது. நாலு தரம் செய்து பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்து வெளியே அலமாரிமேல் வைத்தேன். கோளாறு உங்கள் குச்சியிலும் இல்லை, இணைப்பிலும் இல்லை. தகர டின்னை இறுக்கி மூடிவிட்டு, ஒன்றும் வந்து சேரவில்லையே என்று ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

பிறகு சிவசங்கரி சொன்ன பதிலைக் கேட்டேன். எங்க பக்கம் அம்மா வீட்டு மடியிலதான் குத்துவோம் அத்தை, எனக்கு அண்ணன் தம்பி இல்ல, எங்கப்பா வரட்டும், அதுவரைக்கும் பிள்ள வெறுங்காதா இருக்கட்டும் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் வராவிட்டால் என்று உங்கள் அம்மா கேட்டதற்கு, வருவாக என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தைக்குக் கேக் ஊட்டினாள்.

மாப்பிள்ளை, நான் அழுதேன். வேலுத்தாய் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியுமாம். படம் ஓடட்டும், ஒங்க காதால கேக்கட்டும்னு இருந்தேன் என்றாள்.

கல்யாணத்தன்று உங்கள் வீட்டாரை நான் பேசியதெல்லாம் தப்பு. உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறினால் பொழுதுசாய வந்துவிடலாம் என்று விசாரித்துவிட்டேன். முட்டி வலி இருக்கிறது, ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியும். நான் வரட்டுமா என்று சிவசங்கரியிடம் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை.

பேத்தி நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். நான் வந்து சேருகிறவரைக்கும் அவள் காதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
சங்கையா