அலரியின் மகளைக் கட்டிய கயிறு

தண்கய நாடு தழைக்க. ஏரிகள் மூன்றும் வற்றாதிருக்க. குன்றாக்கோல் இளநாகக் கோமான் நெடிது வாழ்க.

அக்கோமானின் அறங்கூறவைக்குத் தலைமை பூண்ட ஆலங்கோட்டு நெடுமொழியார், கோரையேரிக் கூற்றத்து அதிகாரியும் செம்பாறைக் குன்றில் பிறந்து வளர்ந்தவருமான மருதவேளாருக்கு விடுக்கும் ஓலை. உம் மனையும் மக்களும் நலமுறுக, உம் கூற்றத்துக் குடிகள் பிணியின்றி வாழ்க என வாழ்த்துவது முறை, வாழ்த்திவிட்டோம். அதற்கு மேல் வாழ்த்த நா எழவில்லை. எஞ்சியதை எழுந்து நின்று படியும்.

அலரி என்னும் கோரை அறுப்பவள், தன் இரண்டு வயது மகள் நாச்சியைக் கேட்டிற்கு உட்படுத்தினாள் என்றும், விலங்கைப்போல் அப்பிள்ளையைத் தூணில் கட்டினாள் என்றும், குற்றத்தைத் தானே ஒப்பினாள் என்றும் நீர் எழுதிய ஓலை எம்மை வந்தடைந்தது. மகளை அவளிடமிருந்து என்றென்றைக்கும் நீக்கி, வரும் முழுநிலா நாளில் அவளை நாட்டெல்லைக்கு அப்பால் துரத்த ஆணை வேண்டியிருந்தீர். ஒப்பினாள் என்ற ஒரு சொல்லைக் கண்டு, வேறொன்றும் கேளாமல், யாமும் முத்திரை இட்டோம். இட்ட கையைப் பார்க்க இன்று எமக்கே கூசுகிறது.

பின்பு ஏரிக்கரையின் உறுதியைப் பார்வையிடப் படகில் வந்தோம். நீருக்கு நடுவே கால்நட்டு நிற்கும் அப்பரண் வீடுகளின் ஊடே படகு சென்றது. ஐயகோ, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இடுப்பில் கயிற்றோடு நின்றன! ஊர் முழுவதுமா கொடியவர் என்று வாய்விட்டே கேட்டோம். படகைத் தள்ளிவந்த கொற்றி என்பவள், அலரியின் அண்டை வீட்டுக்காரி, எம்மை வியந்து பார்த்தாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்கிறோம்: "நீச்சல் வர்ற வரைக்கும் கட்டித்தான் சாமி வைப்போம். கட்டாத வீட்டைத்தான் ஊரே காறித் துப்பும்."

நம்ப மனம் ஒப்பவில்லை. அலரியின் பரணில் ஏறி யாமே அளந்தோம். உம் காவலர் வெட்டிய கயிற்றின் முடிச்சு தூணில் இன்னும் இருக்கிறது. கயிறு எதுவரை நீண்டது என்பதைப் பிள்ளையின் குதிகால் தேய்த்த தடமே காட்டிற்று. பரணின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் அத்தடம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு சாணைத் தாய் அளந்து வைத்திருக்கிறாள், மருதவேளாரே. பிள்ளை நீந்தக் கற்ற நாளில் ஊர் கூடிக் கயிற்றை அவிழ்த்து, பொங்கலிட்டு உண்பார்களாம். குன்றில் பிறந்த உமக்கு இது தெரியாதது பிழையன்று. தெரிந்தவரை ஒரு வார்த்தை கேளாததே பிழை.

சிறைக்குச் சென்று அலரியைக் கண்டோம். நடந்ததை அவளே சொல்லக் கேட்டோம். உம் காவலர் வந்த அன்று அவள் கழுத்தளவு நீரில் நின்று கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். தன் பரணில் வேற்றுக் காலடிகளைக் கண்டு, அரிவாளை நீரிலேயே விட்டு நீந்தி வந்தாள். அவிழ்க்காதீர், அவிழ்க்காதீர் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். உம் காவலர் கயிற்றை வெட்டினர், பிள்ளையைத் தூக்கினர், கயிற்றைச் சான்றுப் பொருளென்று பட்டில் சுற்றி உம் பேழையில் பூட்டினர். அவள் ஏறி வந்தபோது பரண் வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த நாள் அவையில் நிறுத்தி, நீர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கட்டினாயா? கட்டினேன் என்றாள். ஏன் என்று அடுத்துக் கேட்பார்கள் என வாயைத் திறந்தபடியே நின்றாளாம். அதற்குள் உம் ஓலைநாயகம் குற்றம் ஒப்பினாள் என எழுதி, எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டான். செய்ததைச் சொல்வதும் குற்றத்தை ஒப்புவதும் ஒன்றா? எம் அவையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த வேறுபாடு உமக்குத் தெரியாமல் போனதென்ன?

அடுத்துக் கேட்டது இதனினும் கொடிது. பதினோரு நாள் சிறையில் கிடந்தும், தன் மீது என்ன குற்றம் என்று அவளுக்குத் தெரியவில்லை! அரசுக் கரையோரம் இரண்டு கட்டுக் கோரை அறுத்தது தவறாகிவிட்டது போலும் என எண்ணியிருந்தாள். எம் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது இது: "கோரைய அறுத்ததுக்கா சாமி எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போனீங்க? இனிமே அறுக்க மாட்டேன் சாமி." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

உம் அவை வாயிலில் ஒரு கல் நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்க்கு அக்குற்றத்தை அவருக்கு விளங்கும் சொல்லில் உரைக்க வேண்டும். அவர்க்காகப் பேச ஒருவரை உடன் நிறுத்த வேண்டும். சான்று கொணர நாள் தர வேண்டும். அவர் பேசாதிருந்தால் அதனைக் குற்றமென்று கொள்ளலாகாது. தீர்ப்புக்கு முன் தண்டம் கூடாது என அதில் வெட்டியிருக்கிறது. பிள்ளைக்கு உண்மையிலேயே கேடு சூழ்ந்தால் உடனே தூக்கிக் காப்பது அதிகாரியின் கடமை என்றும், மூன்றாம் நாளுக்குள் பெற்றவளின் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. படித்துப் பார்க்கப் போனோம். அக்கல்லின் மேல் உம் மேலாடை உலர்ந்துகொண்டிருந்தது.

பிள்ளை எங்கே என்றோம். உம் மனையில் நலமாக இருப்பதாக உம் ஓலை சொன்னது. ஆனால் உம் மனையில் துணி துவைப்பவள் எம்மிடம் அழுதுவிட்டாள். நான்காம் நாள் நாச்சி உம் தாமரைக் குளத்துப் படியில் இறங்கியிருக்கிறாள். அடப்பாவி மனிதரே, நீர்ப்பக்கம் போனால் ஓரிடத்தில் கயிறு நிறுத்தும் என்பதே அக்குழந்தை அறிந்த உலகம்! நிறுத்தவில்லை. நடந்துகொண்டே போயிருக்கிறாள். துவைப்பவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்று இந்த ஓலை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். அதற்கு மறுநாள்தான் குழந்தை நலம் என்று நாக்கூசாமல் எமக்கு எழுதினீர். யாம் காணும்போது நாச்சி கட்டிலின் காலை இரு கையாலும் பற்றிக்கொண்டு இருந்தாள். எவர் அழைத்தும் விடவில்லை.

எம் பொறுப்பில் அலரியை விடுவித்து, பிள்ளையை மடியில் சேர்த்தோம். தாய் முத்தமிடுவாள் என எண்ணினோம்; அவள் முதலில் பிள்ளையின் இடுப்பைத் தடவினாள். கயிறு எங்கே என்று கேட்டாள். எம் பல்லக்கின் பட்டுக்கயிற்றை அவிழ்த்துத் தந்தோம். "நனைஞ்சா வழுக்கும் சாமி" என்று திருப்பித் தந்துவிட்டாள். இன்றுவரை ஒரு கையால் மகளின் ஆடையைப் பிடித்தபடியே இருக்கிறாள். கோரை அறுக்க இறங்கவில்லை.

உம்மைப் பதவி நீக்கி நாடு கடத்த அப்போதே ஓலை எடுத்தோம். வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதத் தொடங்கினோம். அதைக் கேட்டு அலரியே தடுத்தாள்: "என்னைக் கேக்காம விட்ட மாதிரி அவரையும் கேக்காம விட்டுடாதீங்க சாமி." இருபது ஆண்டு அவையில் அமர்ந்த எமக்கு அது உறைத்தது. எடுத்த ஓலையை ஒடித்துப் போட்டோம்.

ஆதலின் எம் ஆணை இது. அலரி மீதான தீர்ப்பு அழிந்தது. அதில் யாம் இட்ட முத்திரையை உடைத்து இதனோடு அனுப்பியுள்ளோம். கேளாமல் இட்டதற்காகக் கோமான் முன் யாமே நின்று விடை சொல்வோம். நாச்சி என்னும் பிள்ளையைக் கேட்டிற்கு உட்படுத்திய குற்றம் இன்று உம்மீது சாட்டப்படுகிறது. உமக்கு விளங்கும் சொல்லில் சொல்லியிருக்கிறோம் என நம்புகிறோம். உமக்காகப் பேச வல்லவரை அழைத்து வாரும். சான்று கொணரப் பதினைந்து நாள் தந்தோம். பேச மனமில்லையேல் பேசாதிரும். அதை உமக்கு எதிராகக் கொள்ளோம். தீர்ப்பு வரும்வரை உம்மை எவரும் குற்றவாளி என அழைக்கலாகாது, யாமும் அழையோம்.

பேழையின் திறவுகோல் உம்மிடம் இருக்கிறது. மற்ற எதற்கும் முன்பாக, இவ்வோலை கொணர்ந்தவர் கையிலேயே அக்கயிற்றைக் கொடுத்தனுப்பும். அது இனிச் சான்றுப் பொருள் அன்று. அலரியின் வீட்டுப் பொருள்.

கட்டினாயா என்று அவளைக் கேட்டீர். அவிழ்த்தீரா என்று உம்மைக் கேட்போம். நீர் விடை சொன்ன பின்னும் எம் எழுத்தாணி கீழே வைக்கப்படாது. ஏன் என்றும் கேட்போம்.

ஏரி சான்றாக, அவைக்கல் சான்றாக, ஆலிலை முத்திரை இட்டோம். நெடுமொழி எழுத்து.