போனை எடுத்த பெண்

செப்டம்பர் 3, புதன்

கல்லூரியில் சேர்ந்த அன்று வரவேற்பு மேசையில் சும்மா கொடுத்த சிம்முக்கு இந்த வாரத்தோடு ஆயுள் முடிகிறது. காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிக் குறுஞ்செய்தி. முடியட்டும். என் தெம்பும்தான் முடிகிறது.

நூலகத்தில் உட்கார்ந்து போன் திட்டங்களாகப் படித்துத் தள்ளினேன். பாடத்தை இப்படிப் படித்திருந்தால் உருப்பட்டிருப்பேன். எல்லாவற்றிலும் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு அடியில் எறும்பு எழுத்தில் இருப்பதுதான் அசல் சமாச்சாரம். 'அளவில்லாத' என்றால் ஓர் அளவு உண்டு. 'ஒப்பந்தம் கிடையாது' என்றால் போனையும் அவர்களிடமே வாங்க வேண்டும். வெளிநாட்டு மாணவன் என்றால் முன்பணம் வேறு. என்னைப் பார்த்தால் ஓடிப்போகிறவன் மாதிரியா இருக்கிறது? ஓடுவதற்குக்கூட உடம்பில் வலு இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் மிஸ்டு கால் வந்து சேர வேண்டும்.

அம்மா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். மதியம் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ரிங் விட்டு வெட்டுவாள். 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் 'நீ கூப்பிடு'. விடுதியில் தங்கிப் படிக்கப் போன நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் தபால். அக்கா வாங்கிக் கொடுத்த பெரிய போனை அம்மா துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறாள். கை பட்டால் எது எதுவோ திறந்துகொள்கிறதாம். பட்டன் போன்தான் அவளுக்கு ராசி.

செப்டம்பர் 5

மேல்மாடியில் இருக்கும் சீனியர் அண்ணன் படிக்கட்டில் வழிமறித்தார். ஆராய்ச்சி மாணவர், நம் பாஷைக்காரர். அவரும் கூட இருப்பவர்களுமாக நாலு பேர் சேர்ந்து ஒரு குடும்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அஞ்சாவது இடம் காலியாம். ஊருக்கும் பேசிக்கொள்ளலாமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன். ஒருத்தன் பணம் கட்டாவிட்டால் அஞ்சு போனும் ஊமையாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அதில் சேர்ந்தால் சும்மா விடமாட்டார்கள். வா சாப்பிடலாம், வா சீட்டு ஆடலாம். எனக்கு அதெல்லாம் வராது. தூங்க நேரமில்லாதவனுக்கு சிநேகிதம் ஒரு கேடா?

செப்டம்பர் 6, சனி

இருப்பதிலேயே மலிவான திட்டத்தை வாங்கிவிட்டேன். வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. வருகிற கால் இலவசம். அம்மாவுக்கு அது போதும். நான் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் காலிங் கார்டு போட்டுப் பேசிக்கொள்கிறேன். கடைக்காரர் எந்த அழைப்பும் வீணாகாது, எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் வசதி இதில் சேர்த்தி என்று ஏதோ விளக்கினார். பாதிதான் புரிந்தது. தலையை ஆட்டினேன். இங்கே வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியே கழுத்து வலிக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

புது நம்பரைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பேச்சு எங்கேயோ போய் முட்டிக்கொண்டது. புறப்படுவதற்கு முன்னால் வந்த அந்தப் பெண் வீட்டு இடத்தைப் பற்றி அம்மா மறுபடி ஆரம்பித்தாள். அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்களாம். படிப்பு முடியட்டும் என்றேன். "படிப்பு படிப்புன்னு சொல்லி நீ எதையோ மறைக்கிற"ன்னு கத்தினாள். நானும் கத்தினேன். மறைக்க என்ன இருக்கு எங்கிட்ட? ஈரம் காயாத துணியும் இந்த நிலவறை ரூமும்தான் இருக்கு. வெச்சிட்டேன்.

செப்டம்பர் 15

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ராத்திரி ஷிப்ட், பொட்டலம் கட்டும் பிரிவு. விடிந்ததும் வந்து விழுந்து, மதிய வகுப்புக்கு எழுந்து ஓட வேண்டும். தூங்கும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டு இன்னொரு ஷிப்ட் வரியா என்பார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் போனை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். அங்கே மதியம் என்றால் இங்கே காலை, அம்மாவின் மிஸ்டு கால் அந்த நேரத்தில்தான் வரும். வந்தால் வரட்டும், எழுந்ததும் காட்டிவிடுமே. நம் ஊரில் அப்படித்தானே, போனை உயிர்ப்பித்ததும் 'உங்களை இன்னார் அழைத்தார்' என்று செய்தி வரும்.

செப்டம்பர் 24

ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு வாரமாக அம்மாவிடமிருந்து ஒரு ரிங்கூட இல்லை. இன்று கூப்பிட்டேன். கோபமா என்று நேரடியாகக் கேட்கவும் வாய் வரவில்லை. அவளும் பிடிகொடுக்காமல் பேசினாள். உடம்பு நல்லாருக்கு, கடை நல்லாருக்கு. வைக்கும்போது மட்டும், "குளிர் காலம் வருதில்ல, ஒரு போர்வை பத்தாது, இன்னொண்ணு வாங்கிடு" என்றாள். அந்தப் பெண் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா கத்தினால் பரவாயில்லை. இப்படித் தன்மையாகப் பேசினால் மனதுக்குள் என்னைத் தண்ணி தெளித்து விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

அக்டோபர் 4

கை முழுக்க அட்டைப்பெட்டி கிழித்த கோடு. கணக்கியல் பாடத்தில் தேறுவேனா தெரியவில்லை. பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா? போய் யார் முகத்தில் விழிப்பது?

அக்டோபர் 12

இல்லை. இன்றும் இல்லை.

போன் மூலையில் ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்திருக்கிறது, இரண்டு வட்டத்தைக் கோடு போட்டு இணைத்த மாதிரி. என்ன செய்தாலும் போகமாட்டேன் என்கிறது. விளம்பரமாக இருக்கும். இதைக் கேட்க ஒரு கடைக்குப் போய், அங்கேயும் தலையை ஆட்டிவிட்டு வர வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா நெட்டில் கூப்பிட்டாள். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் போடுவது அவள்தான்.

"அம்மா போன்ல காசே நிக்கலடா. இப்பத்தான் போட்டேன், மறுபடி போடுங்கறாங்க. கேட்டா உன் வீட்டுக்குப் பேசறேன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை நீதான கூப்பிடுற?"

அம்மா எனக்கு மிஸ்டு கால் கொடுத்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றேன்.  "அப்ப யார்கிட்டடா பேசறாங்க?" என்றாள் அக்கா.

 ஏமாற்றுக்காரன் எவனாவது பிடித்துக்கொண்டானா? நேரே மாடிக்கு ஏறி சீனியர் அண்ணன் கதவைத் தட்டினேன். அவர் போனை வாங்கி மூலையில் இருந்த படத்தைப் பார்த்தார். "அட, வாய்ஸ் மெயில் ரொம்பி வழியுதுப்பா. ஆஃப்ல இருந்தா ரிங்கே போகாது, மெஷின் எடுத்துடும், கூப்பிட்டவங்க பேசறதப் பதிஞ்சு வெச்சிக்கும். நீ கேட்டதே இல்லியா?" எப்படிக் கேட்பது என்று போட்டுக் காட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, உள்ளே போய்விட்டார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் அம்மா.

முதலில் வெறும் மூச்சுச் சத்தம், பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. "ஹலோ... யாரும்மா அது?" கட்.

அடுத்ததில், "நான் அவனோட அம்மா பேசறேன். நீ பேசறது எனக்குப் புரியல. நான் பேசறது உனக்குப் புரியுதோ என்னவோ. பரவால்ல. அவன எழுப்பாத, தூங்கட்டும்."

சிரிப்பு வந்துவிட்டது. அய்யோ அம்மா, அது மெஷின். அடுத்ததை அழுத்தினேன்.

"கோவம் வந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருப்பான். நீயா போய் பேசிடும்மா. மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

"இப்பிடி ஒரு பொண்ணு இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் ஏன் அந்த எடத்தப் பத்திப் பேசப் போறேன்? நான் பேசினேன்னு அவன்கிட்ட சொல்லாத. அவனா சொல்லட்டும்."

"ராத்திரி வேலைக்குப் போறானாமே. சாப்பிடாமப் படுத்தா மட்டும் விடாத. உன் குரல் எவ்ளோ தன்மையா இருக்கு. எனக்கு இப்பல்லாம் நல்லாத் தூக்கம் வருது."

அதற்கு மேல் கேட்க முடியல. அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்னு அழுதேன்.

அக்டோபர் 27

காலிங் கார்டு போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை, 'சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்' என்று இங்கிலீஷில் கம்பெனிக்காரன் பதிந்துவைத்த பெண் குரல் அது.

அம்மா நம்பவில்லை. "எனக்குத் தெரியாதா மெஷின் பேசறது? ஸ்விட்ச் ஆஃப்னு சொல்றவ பேசினா காசு போகாது. இவ பேசினா போகுது. ஆள் எடுத்தாத்தானடா காசு போகும்?"

 இத்தனை வருஷம் மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவளின் சட்டம் அது. ரிங் போனால் காசில்லை, எடுத்தால் காசு, எடுத்தது மனுஷி. நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளை இன்னொரு மெஷின் ஏமாற்றிவிட்டது. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன், சிரிப்பாள் என்று நினைத்து. சிரிக்கவில்லை.  அவள் கேட்டது வேறு.

"அப்ப அங்க நீ தனியாவாடா இருக்க?"

'இல்லம்மா'ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல.

அக்டோபர் 28

தூங்கவில்லை. அந்தக் கேள்வியேதான். ஒரு மாதமாக என்னோடு ஒரு ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். நான் போய் அந்த ஆளை இல்லாமல் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எதற்கு, நான் சல்லிசாக ஒரு திட்டம் எடுத்ததற்கு. என் பக்கம் மிச்சம் பிடித்ததெல்லாம் அவள் பக்கம் போயிருக்கிறது.

அக்டோபர் 30

சீனியர் அண்ணனிடம், "அண்ணா, அந்த அஞ்சாவது இடம் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். போய்விட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். "உனக்குன்னு யாராவது கட்டி வெச்சிருப்பாங்களா? யாரும் வரல, அதான் இருக்கு" என்றார். வாய்ஸ் மெயிலை எடுத்துவிடச் சொன்னேன். அம்மா பேசியதை மட்டும் என் லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனிதர். நான்தான் கண்டுகொள்ளாமல் போய்வந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கணக்கியல் தேர்வு சுமார். தொழிற்சாலையில் சனிக்கிழமை வர முடியாது என்று சொல்லிவிட்டேன். வாய் வந்துவிட்டது.

இன்று மாடியில் சாப்பாடு. இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை போனேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. நடுவில் அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போது எவ்வளவு நேரம் பேசினாலும் காசு போகாது என்பதை அவளுக்குப் புரியவைக்கவே அரைமணி ஆகும் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"என்னடா ஒரே சத்தமா இருக்கு?"

ஆளுங்க இருக்காங்கம்மா, சாப்பிட்டுட்டு இருக்கோம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பேசும்மா, காசு போகாது என்றேன்.

"சரி சரி, நீ போய்ச் சாப்பிடு" என்று அவளே வைத்துவிட்டாள்.