இந்த வருஷம் கடல் உறையவில்லை

வெஸ்டர்ஷேர் தீவு,
ஜனவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

டீசா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுத வந்தேன். எல்லோரும் என்றால் அப்பா, நான், பூனை. மூவரும் சுகம். உன் கால் வீக்கம் குறைந்ததா? பிரசவம் வரைக்கும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, கேட்கிறாயா? இல்லை, பக்கத்துக் கட்டில்காரிகளுக்குத் தலையணை சரிசெய்துகொண்டு நடமாடுகிறாயா?

நான் தொலைபேசியில் சரியாகப் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டாயாம், அப்பா சொன்னார். தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே அப்பா உட்கார்ந்து வலை பின்னுகிறார். 'ம்', 'சரி' தவிர வேறென்ன பேசுவது? அதோடு, ரிசீவரைக் காதில் வைத்தாலே வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி தொண்டை அடைத்துக்கொள்கிறது. காகிதத்துக்கு நான் எவ்வளவு நேரம் யோசித்தாலும் கோபம் வருவதில்லை.

போன இலையுதிர் காலத்தில் நான் பள்ளி விடுதியை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றபோது நீ ஏன் என்று கேட்கவில்லை. ரொட்டி சூடாக இருக்கிறது, உட்கார் என்றாய். இப்போது அந்தக் கறுப்பு ரொட்டியை நானே சுடுகிறேன். அடி கொஞ்சம் கருகிவிடுகிறது. அப்பா கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிடுகிறார்.

இங்கே மழை. ஜனவரி மாதத்தில் மழை. கூரையிலிருந்து ஓயாமல் சொட்டுகிறது. விரிகுடாவில் அன்னங்கள் தெற்கே போகாமல் தங்கிவிட்டன. கிணற்றடிப் பாசி மே மாதம் போலப் பச்சையாக இருக்கிறது. தொடர்ந்து மூன்றாவது குளிர்காலம் இப்படி ஆகிறது. கடலோ இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது. படகு ஓட்ட விடாமல் ஒரு பனிப்பாளம் மூடியிருக்கிறது, கார் ஓட்டுகிற அளவுக்கு அது கெட்டியாகவும் இல்லை. கடலோரக் காவலர்களின் விசிறிப் படகு மட்டும் வாரம் இரண்டு முறை தபால் கொண்டுவருகிறது. பின்னால் விமானத்துக்கு இருப்பது போலப் பெரிய விசிறி வைத்திருப்பதால் அதற்குத் தண்ணீரும் ஒன்றுதான், பனியும் ஒன்றுதான். அது வந்தால் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது.

கடல் உறைந்ததும் பனியின் மேல் கார் போகிற பாதைக்கு அடையாளமாக நடுவதற்கு, அப்பா நவம்பரிலேயே ஜூனிப்பர் செடிகளை வெட்டிப் படகுக் கொட்டகை ஓரமாக அடுக்கிவைத்துவிட்டார். அடுக்கியது அடுக்கியபடியே பழுப்பாகிறது. பக்கத்து வீட்டு ஆல்ஃப் மாமா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டு, "ரூனார், கிறிஸ்துமஸுக்கே இதுக்கு விளக்குப் போட்டிருக்கலாம். இப்ப ஆட்டுக்குத்தான் போடணும்" என்கிறார். அப்பா சிரிப்பதில்லை.

கடைக்காரி குன்வோர் அக்கா நேற்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், பிரசவம் ஆனதும் பெனீத்தாவையும் பிள்ளையையும் விசிறிப் படகில் வரச்சொல்லலாமே என்று. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "தபால் மூட்டையோட மூட்டையா வந்து இறங்கணும்னு என் பொண்டாட்டிக்குத் தலையெழுத்தா? பாதை போடறவன் நான் இன்னும் சாகல" என்றார்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பிறந்த குளிர்காலத்தில் அடித்த பனிப்புயல். உன்னையும் என்னையும் அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது நடுக்கடலில் கார் பனியில் புதைந்து நின்றது, முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. ஒரு ஜூனிப்பரிலிருந்து அடுத்த ஜூனிப்பருக்கு அவர் தடவித் தடவி நடந்தார், நீ அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாய். தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றி என் தலைக்குப் போட்டுவிட்டுத் தன் இடது காது நுனியைக் குளிரில் கருகவிட்டுக் கடலுக்குக் கொடுத்தார். அந்தக் காதை எல்லோருக்கும் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மாவுப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, குளிர் வருமா என்று நீ கவலைப்படாதே. நீ படுத்திரு. கடல் எப்படி இருந்தாலும் நீ அவசரப்பட வேண்டாம், அப்பாவையும் அவசரப்படுத்த வேண்டாம். உனக்கும் உள்ளே இருக்கிறவருக்கும் நல்லபடியாக ஆகட்டும்.

அன்புடன்,
டீசா


வெஸ்டர்ஷேர்,
பிப்ரவரி 13

அன்புள்ள அம்மாவுக்கும், இன்னும் பெயர் வைக்காத என் தங்கைக்கும்,

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் அப்பா ரிசீவரை மாட்டிவிட்டு, "பொண்ணு" என்றார். உடனே வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தார். இருட்டும்வரை பிளந்தார். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்து இருக்கிறது. நான் உள்ளே பூனையைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். அது என்னைக் கீறிவிட்டது.

இப்போது நான் எழுதப்போவதை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். பாதை இன்னும் தயாராகவில்லை என்று மட்டும் சொல்லியிருப்பார். நீ பயப்பட வேண்டாம். எல்லோரும் கரையில் இருக்கிறோம்.

தங்கை பிறந்த பிறகு சில நாள் நல்ல குளிர் வந்தது. வாளித் தண்ணீர் உறைந்தது. அப்பா அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, வா போகலாம் என்றார். நான் சறுக்குவண்டியில் ஜூனிப்பர்களை ஏற்றி இழுத்தேன், அவர் கடப்பாரையோடு முன்னால் நடந்தார். நம் பக்கத்து விரிகுடாவில் பாளம் நன்றாகவே இருந்தது. குத்து விழும்போது வருகிற அந்தக் கெட்டிச் சத்தம் எனக்குப் பிடிக்கும். குத்திப் பார்ப்பார், துளை போட்டு அளப்பார், நடுவார், அடுத்ததற்குப் போவார்.

கப்பல்கள் போகிற ஆழத்துக்கு வந்தோம். அடியில் நீரோட்டம் ஓடுகிற இடம். அங்கே இரண்டாவது குத்திலேயே கடப்பாரை உள்ளே போய்விட்டது. கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்து அவர் பூட்ஸ் வரை பரவியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ராத்திரிக் குளிர் இறுக்கிடும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு அந்தத் துளையிலேயே ஜூனிப்பரைச் செருகினார். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, மீதியைத் தோளில் கட்டிக்கொண்டு தனியாக அக்கரை வரை போய் நட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து கடப்பாரைச் சத்தமே கேட்கவில்லை, அம்மா. அவர் குத்திப் பார்க்கவில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

அன்று ராத்திரி குளிர் வரவில்லை. காற்று தெற்கிலிருந்து அடித்தது. படுத்திருந்தபோது கூரையிலிருந்து மறுபடி சொட்டத் தொடங்கியது கேட்டது. காலையில் நானும் அப்பாவும் கடைக்குப் போனோம். ஆல்ஃப் மாமா தன் மனைவியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகக் காரில் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தார். ஐஸ் தாங்குமா என்று குன்வோர் அக்கா கேட்டாள். "ரூனார் நட்டாச்சு. அப்புறம் என்ன கேள்வி? அது சிமெண்ட் ரோடு" என்றார் ஆல்ஃப் மாமா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காபிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அம்மா. நான் பேசாமல் இருந்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். அவர் பேசாமல் இருந்தது அப்படி இல்லை.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், பாளம் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுகிற பனி ஆணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலிச் சறுக்குவண்டியின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆழத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஜூனிப்பர் வரை போனேன். அதைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. அங்கே பாளத்தின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது, வானம் அதில் தெரிந்தது. அங்கிருந்து கரையைப் பார்த்து வந்தபடியே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வண்டியில் போட்டேன். துளைகள் இறுகாததால் ஆடுகிற பல் மாதிரி லேசாக வந்தன.

கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். எல்லோரும் என்றால் பத்துப் பேர் இருப்பார்கள், எனக்கு அது ஒரு ஊர். மற்றவர் நட்ட ஜூனிப்பரைத் தொடுவது கிணற்றில் மண்ணைப் போடுவது மாதிரி என்று நீதான் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தாய். ஆல்ஃப் மாமா கையை வாயில் குவித்துக் கத்தினார். "ஏய் ஊமைக்கோட்டான், என்ன புத்தி கெட்டுப்போச்சா? உங்கப்பன் நட்டதும்மா அது!"

நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் நின்றிருப்பேன்.

அப்பா பாளத்தின் மேல் நடந்து வந்தார். வேகமாக வரவில்லை. எதிரே வந்து நின்றார்.

"யாரு பிடுங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நட்ட இடத்துல வை."

அப்போது என் வாயிலிருந்து வந்தது, அம்மா. "ரெண்டாவது குத்துலயே தண்ணி வந்துச்சுப்பா. நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. ஆல்ஃப் மாமா பாக்கல. அவர் உங்க ஜூனிப்பரத்தான் பாத்தாரு."

அப்பாவின் தாடை அசைந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் மிச்சம் நின்ற ஜூனிப்பர்களை அவரே பிடுங்கினார்.

கரைக்கு வந்தோம். ஆல்ஃப் மாமாதான் கேட்டார், "என்னப்பா ரூனார், பொண்ணு ஏதோ சொல்லிச்சே?"

"சொன்னது நெசம். நான் குத்திப் பாக்காம நட்டேன். யாரும் போகாதீங்க."

இதை அவர் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார், அம்மா. காது நுனியைக் கொடுத்ததைவிட இது அவருக்கு வலித்திருக்கும். ஆல்ஃப் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெட்ரோலை என்ன செய்வது, குடிக்கவா முடியும் என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனார். அவர் மனைவிக்குப் பல்வலி குறையவில்லை, கிராம்புத் தைலம் கொடுத்தனுப்பினேன். மாமா என்னை இப்போது ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவதில்லை. கோட்டான் என்று மட்டும் கூப்பிடுகிறார்.

இரண்டு நாள் அப்பா சாப்பாட்டு மேசையில் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரொட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார், "அந்தப் புயல்ல எனக்குக் கண்ணே தெரியல. ஆனா ஜூனிப்பர் நிக்குதேன்னு நம்பி நடந்தேன், காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு ஒரு தடவகூட யோசிக்கல, டீசா." அந்தக் கதையை இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். இதை மட்டும் அவர் சொன்னதில்லை.

அதற்கடுத்த நாள் விசிறிப் படகுக்காரர் தபால் பையோடு ஒரு ஜூனிப்பரையும் கொண்டுவந்து போட்டார். ஆழத்தில் பாளம் உடைந்து வழி திறந்துவிட்டதாம், அங்கே இது மிதந்துகொண்டிருந்ததாம், உங்களுடையதா என்று கேட்டார். அப்பா அதை வாங்கித் தண்ணீரை உதறினார். அடுப்பில் போடுவார் என்று நினைத்தேன். படகுத்துறையின் கடைசிப் பலகைக்குப் போய், கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். மூடுபனியில் வருகிற படகுக்குத் துறை தெரிய வேண்டுமல்லவா என்றார். எந்தப் படகு என்று நான் கேட்கவில்லை.

பிறகு படகுக்காரரிடம் விசிறிச் சத்தம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு கேட்கும் என்று விசாரித்தார். சும்மா விசாரிப்பது போல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அம்மா, இதை எழுதத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். நேற்று மத்தியானம் நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தபோது அப்பா சமையலறையில் நரித்தோல் தொப்பியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அதே தொப்பியை. உள்ளே கம்பளி வைத்து, இரண்டு பக்கமும் காதை மூடுகிற மாதிரி தடித்த மடிப்புகள் வைத்துச் சின்னதாகத் தைத்திருக்கிறார். அளவுக்கு ஒரு முட்டைக்கோசைத் தேடி எடுத்து அதற்குப் போட்டுப் பார்த்தார். என்னைக் கண்டதும் முட்டைக்கோசைப் பூனையிடம் காட்டி விளையாடுகிறவர் போலப் பாவனை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் உன்னைக் கூப்பிடுவார். அவராக வாயைத் திறந்து சொல்லமாட்டார். நீயே முந்திக்கொண்டு, விசிறிப் படகில் வர ரொம்ப நாளாக ஆசை என்று சொல். கொஞ்சம் மறுப்பார். தபால் மூட்டையைப் பற்றி ஏதாவது சொல்வார். சொல்லட்டும். நீ இரண்டு முறை கெஞ்சினால் போதும், உனக்காக ஒத்துக்கொண்ட மாதிரி ஒத்துக்கொள்வார். முட்டைக்கோசு விஷயம் உனக்குத் தெரியாது, ஞாபகம் வைத்துக்கொள்.

படகு துறையை நெருங்கும்போது கம்பத்தைப் பார். அந்த ஜூனிப்பர் பழுப்புத்தான், ஆனால் நேராக நிற்கிறது. தங்கைக்கும் காட்டு. பனிப்புயல் கதையை அவளுக்கு அப்பா சொல்வார். இந்தக் குளிர்காலக் கதையை நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசி முடித்ததும் ரிசீவரை டீசாவிடம் கொடுங்கள் என்று சொல், அம்மா. அவர் கீழே உட்கார்ந்து வலை பின்னினாலும் பரவாயில்லை. நான் பேசுகிறேன்.

உங்கள் இருவரையும் துறையில் எதிர்பார்த்து நிற்கும்,
டீசா