பூஜைக்கு முன் மாற்றிய கணக்கு எண்

சனத்நகர், ஹைதராபாத்
12 டிசம்பர் 2012

அன்புள்ள பூர்ணாவுக்கு,

சகுந்தலா அக்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? உனக்கு ஆறாம் மாதம் என்று உன் அம்மா சொன்னார். கால் வீங்கினால் அலட்சியமாக இருக்காதே. அமெரிக்கக் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

என் மெயில் எதற்கும் நீ பதில் போடவில்லை. ஒரு மெயிலால்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன். அதனால் இனி பேனாதான்.

நம் ஜீடிமெட்லா ஆபீஸ் செய்தி உனக்குத் தெரியாமல் இருக்காது. என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இத்தாலி சப்ளையருக்குப் போக வேண்டிய பணம் எவனோ ஒரு திருடனின் கணக்குக்குப் போனதே, அந்தக் கணக்கு எண்ணை சாஃப்ட்வேரில் ஏற்றியது நான்தானாம், திருடனுக்கு நான் கூட்டாம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

ஏற்றியது நான்தான். இல்லை என்று எப்போது சொன்னேன்? வெளிநாட்டு சப்ளையரின் வங்கி விவரம் மாறினால் நான் ஏற்றுவேன், நீ ஒப்புதல் தருவாய். நடுவில் அவர்களுடைய பழைய நம்பருக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும். அதுதானே நம் ஆபீஸ் வழக்கம்? ஆயுதபூஜை அன்று காலையில் 'எங்கள் வங்கி மாறிவிட்டது' என்று மெயில் வந்தது. ஏற்றினேன். இத்தாலியில் இன்னும் ஆபீஸ் திறந்திருக்காது, ஃபோனில் கேட்காமல் ஒப்புதல் தராதே என்று உன்னிடம் சொன்னேன். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் தொடக்கூடாதே! நாளைக்கு பேங்க் லீவு, பூஜைக்கு முன்னால் பணம் போயாக வேண்டும், ஃபோனெல்லாம் பிறகு என்று எம்.டி. நம் இருவர் முன்னால்தான் சொன்னார். நான் கூடாது என்றேன். நீ "கைக்கு அக்கா டென்ஷன்?" என்று, எதற்கு டென்ஷன் என்பதை ஹைதராபாத் இந்தியில் கேட்டு, சிரித்துக்கொண்டே ஒப்புதலைத் தட்டினாய். தட்டிய கையோடு மானிட்டருக்குப் பொட்டும் வைத்தாய். அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டாய்.

இப்போது எம்.டி. அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். ஃபோனில் கேட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி நான்தான் உன்னைத் தட்ட வைத்தேனாம். நீயே அப்படிச் சொன்னதாக இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னாயா பூர்ணா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

என் வீட்டுக்காரர் ராமச்சந்திராபுரம் கம்பெனி பஸ்ஸில் யாரோடும் பேசாமல் போய் வருகிறார். சுபாஸ்ரீ, "நுவ்வே சேசாவா அம்மா?" என்கிறாள். நான் பெற்ற பெண்ணே என்னிடம் நீதான் செய்தாயா என்று தெலுங்கில் கேட்கிறாள்.

விசா, மாப்பிள்ளை வேலை என்று உனக்குப் பயம் இருக்கும். இருக்கட்டும். உன்மேல் பழி போட நான் எழுதவில்லை. அக்கா வேண்டாம் என்றாள், எம்.டி. செய்யச் சொன்னார் என்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும். உன் கல்யாண லீவில் உன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் நான். சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

தலைப்பிரசவம் சுகமாக நடக்கட்டும். தாயும் சேயும் நன்றாக இருங்கள். இதை மட்டும் கோபமில்லாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா,
சகுந்தலா

பி.கு.: உன் முகவரியை உன் அம்மா ஃபோனில் சொன்னார். எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதனால் கடிதம் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.