லேபிள் தாளில் மறைத்த பைல்

மதினி,

இன்று காலை விருதுநகரில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு மனைவியைக் கூட்டி வந்த ஒரு சாத்தூர்க்காரர், கையிலிருந்த பைலுக்குப் பட்டாசு லேபிள் தாளில் அட்டை போட்டிருந்தார். பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எதை மறைக்கிறார், யாரிடம் மறைக்கிறார் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பைலுக்கு அட்டை போட்டவள் நான்தானே. மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த பைலின் மேலே 'புற்றுநோய்ப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நீங்கள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவீர்கள் என்று அண்ணனுக்குப் பயம். திருத்தங்கல் அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் வாங்கி வந்தார். பிள்ளைகளின் நோட்டுக்குப் போடுவது போல மடித்து ஒட்டினேன். "மயிலு படம் நல்லாருக்கே" என்றீர்கள்.

டாக்டர் மட்டும் என்ன யோக்கியம்? "கூட வந்த ஆம்பளை யாரு?" என்று கேட்டார். மார்பில் கட்டியோடு வந்த உங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அண்ணனிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். நர்ஸ் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். "அவகிட்ட மூச்சு விட்றாத. மனசு விட்ருவா" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

பட்டாசுச் சரம் பின்னிப் பின்னிக் கறுத்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "நீ ஆஸ்பத்திரிக்காரி, பொய் சொல்ல மாட்ட. எனக்கு என்னதான் தாயி?"

"சாதாரணக் கட்டி மதினி. தீவாளிக்குள்ள சரியாப் போகும்."

நோயாளிக்கு உள்ளூர எல்லாம் தெரிந்திருக்கும் என்று பிறகு ஆறுதல் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்னை நம்பினீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்த மகன் லீவு போட்டு வரட்டுமா என்று போனில் கேட்டபோது, "வேலையக் கெடுத்துக்கிட்டு எதுக்குலே வாரே? தீவாளிக்கு வந்தாப் போதும்" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ரிசீவரை வாங்கி அவனை உடனே வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இந்தக் கட்டிக்கா இம்புட்டு வலி?" என்று கடைசியில் கேட்டீர்கள். சுற்றி நின்ற நாலு பேரும் சுவரைப் பார்த்தோம். தைரியம் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உங்களைத் தனியாக விட்டோம். புரட்டாசியில் போய்விட்டீர்கள். மகன் வந்து பார்த்தது உடலைத்தான்.

இப்போதெல்லாம் யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவுககிட்டச் சொல்லிறாதீக சிஸ்டர்" என்றால், அவர்கள் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வார்டில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும். இதனால் உங்களுக்குச் செய்தது கழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் காரியம் முடிந்த அன்று மகன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "ஒங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?"

"வைகாசியில."

அவன் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவன் சொன்னது இன்னும் என்னோடு இருக்கிறது.

"ஆடியில ஒரு வாரம் கம்பெனி மூடிக் கெடந்துச்சு அத்தை. ரூமுல சும்மாதான் படுத்துக் கெடந்தேன்."