செல்வராணியின் வயிறு

ஜூன் 9, திங்கள்
விடியற்காலையிலிருந்து தூறல். நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் நின்றபடியே பயணம். சப்பாத்துக்குள் தண்ணீர். வாங்க வேண்டியவை: அட்டைக் கடிக்குச் சவர்க்காரத் துண்டு, தலைவலி மாத்திரை, புதுக் குடை.

கணக்கெடுப்பு தொடங்கியாயிற்று. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் யாருக்கு, எந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஆணா பெண்ணா. கணக்கெடுப்பை நடத்தும் டொக்டருக்கு ஒரே கேள்வி: பதிவில் தோட்டப் பெண்களின் பெயர் ஏன் இவ்வளவு குறைவு? நோயே குறைவா, ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள்தான் குறைவா?

“அசதியா இருக்கா?” என்று கேட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க ஆமாம் என்கிறது. எல்லாருக்கும் இரத்தம் குறைவு, எல்லாரிடமும் இரும்பு மாத்திரை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியாது. டொக்டரிடம் சொல்ல வேண்டும், கேட்க மாட்டார்.

வீட்டுக்கு வீடு ஒரே வாக்குறுதி: உங்க பேரு வெளிய போகாது.

ஜூன் 10, செவ்வாய்
மழை. காலில் மூன்று அட்டை.

கடைசி லயத்தில் ஒரு காம்பராவின் கதவு மூடியிருந்தது. பக்கத்துக் காம்பராப் பெண் தடுத்தாள். “அங்க போகாதீங்க மிஸ். அது வேற கதை. புருசன் செத்து எத்தன வருசமாச்சு, இப்ப வயிறு வந்துருக்கு.” சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு.

பெயர் செல்வராணி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் பிள்ளையா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கதை அவ்வளவு ருசி. ஒரே மகன், கொழும்பில் கடை வேலை. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தவன் வயிற்றைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டானாம். அதற்குப் பிறகு போனும் இல்லை.

கதவைத் தட்டினேன். பெரிய ஆம்பிளை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முதல் பேச்சே, “நான் புள்ளத்தாச்சி இல்ல மிஸ்.”

படுக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். முன்பு நர்ஸாக இருந்த பழக்கம். இடப்பக்க விலாவுக்குக் கீழே தொடங்கி, தொப்புள் வரை கெட்டியாக. பிள்ளை அங்கே இருக்காது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“போனேன். வாசல்ல நம்ம லயத்து ஆளுங்க. கர்ப்பிணி வரிசை அந்தப் பக்கம்னு காட்டுனாளுங்க. திரும்பி வந்துட்டேன்.”

டொக்டரின் கேள்விக்கு ஒரு பதில் இங்கே கட்டிலில் படுத்திருக்கிறது. எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. மத்தியானம் ரொட்டி, கட்ட சம்பல். உறைப்பு அதிகம்.

ஜூன் 12, வியாழன்
செ.-வை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்கப் பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டே வந்தாள். இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் கண்டபடி கூடியிருந்தன. வீங்கியிருப்பது மண்ணீரல். உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை, கண்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

காத்திருக்கும்போது மகனின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டினாள். காது இரண்டும் பெரிது. “தங்கமான புள்ள மிஸ்” என்றாள்.

ஜூன் 30, திங்கள்
முடிவு வந்துவிட்டது. நாள்பட்ட வகைதான். டொக்டர் நிதானமாகச் சொன்னார்: இரத்தத்தில் கேன்சர், தினமும் மாத்திரை, விடாமல் போட்டால் பல வருடம் நன்றாக இருக்கலாம்.

செ.: “அப்ப புள்ள இல்லைல்ல?”

“இல்லம்மா.”

“கேன்சர்தானே?”

“ஆமா.”

சிரித்தாள். இந்தச் செய்தியைக் கேட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிரித்தவளை இன்றுதான்.

பதிவில் பெண்கள் பக்கத்தில் ஒரு பெயர் கூடியது. டொக்டருக்குத் திருப்தி.

பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ, வடை. “நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப வந்து நீங்களே சொல்லணும் மிஸ். நான் சொன்னா நம்ப மாட்டாங்க.” நோயாளியைப் பற்றி வெளியே பேச எங்களுக்கு அனுமதி இல்லை என்றேன். “நான்தானே சொல்லச் சொல்றேன்?”

ஜூலை 1, செவ்வாய்
குளிர். முதல் பஸ். எதற்குப் போகிறேன் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் செ. முன்னால் வந்தாள். ஸ்வெட்டர் இல்லை. “எனக்கு ரத்தத்துல கேன்சர். வயித்துல இருக்கது மண்ணீரல். டொக்டர் சொன்னாரு. மிஸ்ஸும் கூட இருந்தாங்க.”

பக்கத்துக் காம்பராப் பெண் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கங்காணி என்னைப் பார்த்தார். “நெசமா மிஸ்?”

தலையை ஆட்டினேன். விதியை மீறினேன்தான். வருத்தம் இல்லை.

சாயந்தரம் மகன் எனக்குப் போன் எடுத்தான். நம்பர் அவள் கொடுத்ததாம். “அம்மா சொன்னது நெசமா மிஸ்? கேன்சர்தானா?”

“ஆமாம்.”

“அப்பாடா” என்றான்.

பிறகுதான் கேட்டான், “மிஸ், அப்ப அம்மாவுக்கு என்ன ஆகும்?”